அடுப்பங்கரையில் ஏழு பிலிம் டப்பா

மத்திகிரி,
சித்திரை மாதம், வியாழக்கிழமை காலை.

மகன் முனிராஜுக்கு,

க்ஷேம லாபங்களை இந்தத் தடவை கடைசியில்கூட விசாரிக்க மாட்டேன். நீ இதைப் பிரிக்கும்போது அடுப்பு எரிந்துகொண்டிருந்தால் முதலில் போய் அணை. பெட்டி மேல் இருக்கும் அரிக்கேன் விளக்கை எடுத்து வாசலுக்கு வெளியே வை. பெட்டியைத் திறக்காதே, இழுக்காதே, காலால் தள்ளாதே. மருமகள் மாதம்மாவைப் பள்ளிக்கூடத்துப் பக்கம் போய் உட்காரச் சொல். இதையெல்லாம் செய்துவிட்டு, நீயும் வெளியே வந்து, மரத்தடியில் நின்றுகொண்டு மிச்சத்தைப் படி. கடிதம் கொண்டுவந்த வண்டிக்கார நஞ்சப்பன் பீடி பிடிக்கிறவன். அவனை வீட்டுக்குள் விடாதே.

விஷயம் இதுதான். உன் கல்யாணத்துக்கு நான் சீராகக் கொடுத்த பச்சைத் தகரப் பெட்டியில் சந்திர மண்டலப் படத்தின் பிலிம் ஏழு டப்பா இருக்கிறது. அது தீப்பிடிக்கிற சரக்கு. விளக்குச் சூட்டில் பிடிக்கும், அடுப்புச் சூட்டில் பிடிக்கும், கெட்டுப்போன பிலிமாக இருந்தால் இந்த வெயிலில் கூரைக்கு அடியில் சும்மா கிடக்கும்போதே பிடிக்கும். பிடித்தால் தண்ணீர் கொட்டி அணைக்க முடியாது. உன் வீடு புல்லுக் கூரை. உன் வீட்டைத் தொட்டுக்கொண்டு இருக்கிற வீடுகளும் புல்லுக் கூரை. உன் நாட்றாம்பாளையத்தில் நான் ஒரே ஒரு ராத்திரிதான் தங்கினேன், ஆனால் திங்கட்கிழமையிலிருந்து அந்தக் கூரைகளை ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டு கிடக்கிறேன்.

திங்கட்கிழமைதான் உன் கடிதம் வந்தது. வாத்தியாராக இருக்கிற மகனின் கடிதம் என்றால் நான் வீட்டுக்குள் உட்கார்ந்து படிப்பவனா? பண்ணைத் தீவனக் கிடங்கின் வாசலில் நின்று, போகிறவன் வருகிறவன் காதில் விழும்படி படித்தேன். மாட்டுத்தோல் விஷயமாக வந்திருந்த காசிம் பாயும் நின்று கேட்டார். நீ எழுதியிருந்தாயே, "உங்கள் சந்திர மண்டலத்துக்கு நல்ல இடம் கிடைத்துவிட்டது பெரியப்பா. அடுப்புக்கும் சுவருக்கும் நடுவில் அளந்து செய்த மாதிரி உட்கார்ந்துகொண்டது. மாதம்மா அதன் மேல் விளக்கை வைக்கிறாள், நான் பக்கத்தில் உட்கார்ந்து பிள்ளைகளின் நோட்டைத் திருத்துகிறேன்" என்று, அந்த இடத்தில் நான் சிரித்தேன். எல்லாரும் சிரித்தார்கள். காசிம் பாய் சிரிக்கவில்லை. கடிதத்தை என் கையிலிருந்து வாங்கி, அவருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது, சும்மா அந்தத் தாளைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

காசிம் பாயை உனக்குத் தோல் வியாபாரியாகத்தான் தெரியும். நீ பிறப்பதற்கு முன்னால், ஓசூர் ஏரிக்கரைக்குப் பக்கத்தில் டென்ட் கொட்டகை போட்டபோது படம் காட்டும் மிஷினைச் சுற்றினவர் அவர்தான். அவருடைய வலது கையில் இரண்டு விரல் ஒட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்திருப்பாய். பிறவியிலேயே அப்படி என்று உனக்குச் சொல்லியிருக்கிறேன். பிறவியில் அல்ல. அதற்கு அப்புறம் வருகிறேன்.

"அண்ணே, அந்தப் பொட்டிய எப்போ கடைசியா தொறந்தீங்க?" என்றார். கல்யாணத்துக்கு நாலு நாள் முன்னால் என்றேன். வாடை வந்ததா என்று கேட்டார். சந்திர மண்டலத்து மண்வாடை அப்படித்தான் இருக்கும் என்று நான் வழக்கமாகச் சொல்வதைச் சொல்ல ஆரம்பித்தேன். "அத வுடுங்கண்ணே. புளிச்ச வாடையா, இல்லியா?" புளித்த வாடைதான். டப்பா ஓரத்தில் காவி நிறத்தில் பொடி உதிர்ந்ததா? உதிர்ந்தது. பிலிம் கையில் பிசுபிசு என்று ஒட்டியதா? ஒட்டியது. வெல்லப்பாகு மாதிரி பழுத்திருக்கிறது என்று உன் பெரியம்மாவிடம் பெருமையாகக் காட்டினேனே. காசிம் பாய் தலையில் கை வைத்துக்கொண்டு அங்கேயே தீவன மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டார்.

இதில் ஒரு உண்மையை உனக்குச் சொல்ல வேண்டும். பெட்டியோடு எல்லாவற்றையும் கொடுத்துவிட்டேன் என்று சபையில் சொன்னேன் அல்லவா? எல்லாவற்றையும் கொடுக்கவில்லை. படத்தில் வருகிற அந்த வெள்ளிச் சட்டைக்காரி ஏணியில் ஏறுகிற துண்டை மட்டும் வெட்டி, உள்ளங்கை அளவு சுருட்டி, அரிசிப் பானையில் ஒளித்து வைத்திருந்தேன். காசிம் பாய்க்கு அதைக் காட்டினேன். அவர் அதில் விரல் நீளத்துக்குக் கத்தரித்து, இறுக்கச் சுருட்டி, எங்கள் வீட்டு முற்றத்தில் இடுக்கியில் பிடித்து நெருப்புக்குச்சி காட்டினார். பற்றிக்கொண்டது என்று நான் சொல்லக்கூட நேரம் இல்லை. சீறியது. அப்படியே வாளித் தண்ணீருக்குள் முக்கினார். முனிராஜா, நான் ஆயிரம் அதிசயம் பார்த்ததாக உனக்குச் சொல்லியிருக்கிறேன், அதில் பாதி நான் பார்க்காதது. இது என் கண்ணால் பார்த்தது. தண்ணீருக்கு அடியில் அது எரிந்தது. தண்ணீர் கொதித்து, மஞ்சளாகப் புகை மேலே வந்தது, உள்ளே வெளிச்சம் நின்றுகொண்டே இருந்தது.

"தண்ணி இத அணைக்காதுண்ணே" என்றார் காசிம் பாய். "இதுக்கு வெளிக்காத்து வேணாம். தனக்கு வேண்டியத தானே வெச்சிருக்கு."

நான் குனிந்து பார்க்கப் போய் இடுக்கியைத் தட்டிவிட்டேன். எரிகிற சொட்டு ஒன்று இடது பாதத்தில் விழுந்தது. பாதம் முழுக்கக் கொப்பளித்து, வாழை இலை மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அதனால்தான் நான் நேரில் வரவில்லை. பாய் திங்கட்கிழமை சாயங்காலமே லாரி ஏறி ஆம்பூர் போயாக வேண்டியிருந்தது. தந்தி கொடுக்கலாம் என்றால் உன் மலைக்குத் தந்தி ஏது? தபாலோ அஞ்செட்டி போய், அங்கே யாராவது மேலே வரும்வரை காத்துக்கிடக்கும். இரண்டு நாள் ஆள் தேடி, புளி ஏற்ற அந்தப் பக்கம் போகிற நஞ்சப்பன் நேற்றுதான் கிடைத்தான். உன் பெரியம்மா முற்றத்தில் அந்த வாளியைப் பார்த்துக்கொண்டு நின்றவள் என்னிடம் ஒன்றுதான் கேட்டாள். "கட்டிக்கிட்டு வந்த பொண்ணோட அடுப்படிலயா இதக் கொண்டுபோய் வெச்ச?" அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை. இலை மாற்றுகிறாள், சோறு வைக்கிறாள்.

எனக்கு இப்போது இருக்கிற பயம் பிலிமைப் பற்றி மட்டும் அல்ல. நீ இதைப் படித்துவிட்டு, "பெரியப்பா மறுபடியும் அவிழ்த்துவிட்டார்" என்று மாதம்மாவிடம் சொல்லிச் சிரித்து, கடிதத்தை மடித்து அந்தப் பெட்டி மேலேயே வைத்துவிடுவாயோ என்பதுதான் பெரிய பயம். உன்மேல் தப்பு சொல்ல மாட்டேன். எட்டாவது வரை படித்ததாகச் சொன்னேன், அஞ்சாவதைத் தாண்டவில்லை. கவர்னர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார் என்றேன். அவர் கார் போன தூசியைத்தான் பார்த்தேன். உனக்கு நாலு வயதில் உன் அப்பனும் அம்மாவும் ஒரே காய்ச்சலில் போன பிறகு உன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு வேப்பனப்பள்ளியிலிருந்து ஓசூர் வரை ராத்திரி பகலாக நடந்தேன் என்பதும் பொய். மாங்காய் வண்டியில் வந்தோம். நீ வழி முழுக்கத் தூங்கினாய்.

அந்தப் படத்தைப் பற்றி நான் சொன்னதில் எது நிஜம், எது என் கைச்சரக்கு என்று இன்றைக்குப் பிரித்துச் சொல்லிவிடுகிறேன், அப்போதாவது மிச்சத்தை நம்புவாய். அது பேசாத படம். திரையில் இங்கிலீஷில் எழுத்து வரும், ஒருவனுக்கும் படிக்கத் தெரியாது. அதனால் திரைக்குப் பக்கத்தில் பிரம்பு வைத்துக்கொண்டு கதை சொல்ல ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள் நான். எனக்கும் இங்கிலீஷ் தெரியாது, ஆனால் ஓசூரில் வேறு எவனுக்கு மூன்று பாஷை என்னைப்போல வரும்? இரண்டாயிரம் ஜனம் உட்கார்ந்திருக்கும். சரி, முந்நூறு. தமிழில் ஒரு வரி, தெலுங்கில் ஒரு வரி, கன்னடத்தில் ஒரு வரி சொல்லி முடிப்பதற்குள் படம் ஓடிவிடும். அதனால் தமிழில் சொன்னதை விட்டுவிட்டு அடுத்ததைத் தெலுங்கில் சொல்வேன், அதற்கு அடுத்ததைக் கன்னடத்தில். கடைசியில் மூன்று கூட்டத்துக்கும் மூன்று கதை. வெள்ளிச் சட்டைக்காரி தமிழில், அவளோடு சந்திர மண்டலம் போகிற கடிகாரக்காரனின் மகள், தெலுங்கில் அவன் பெண்டாட்டி. வண்டியில் ஊர் திரும்பும்போது ஜனங்கள் அதற்காகக் கைகலந்தார்கள். இது பொய் இல்லை. பாகலூர் ரோட்டில் ஒருவனுக்குப் பல் போயிற்று. மறுநாள் யார் சொன்னது சரி என்று தெரிந்துகொள்ள அத்தனை பேரும் மறுபடி டிக்கெட் வாங்கி வந்தார்கள், முதலாளி எனக்கு ஒரு அங்கவஸ்திரம் போட்டார்.

படத்தின் கடைசியில் கிணற்றில் தண்ணீர் இறைக்கிற சால் மாதிரி இருக்கிற அந்த இரும்பு வாகனம் சந்திர மண்டலத்திலிருந்து திரும்பி விழும்போது ஒரே நெருப்பாக வரும். அதில் போன ஆறு பேரும் அதோடு சரி. முதல் நாள் நானே அப்படித்தான் புரிந்துகொண்டு அப்படியே சொன்னேன். பெண்கள் வாய்விட்டு அழுதார்கள், கொட்டகை முழுக்க இழவு வீடாகிவிட்டது. இரண்டாம் நாளிலிருந்து மாற்றினேன். "அதோ பாருங்கள், நம்மவர்கள் திரும்பி வந்த சந்தோஷத்தில் வாணவேடிக்கை விடுகிறார்கள்" என்று மூன்று பாஷையிலும் சொன்னேன். மூன்று பாஷைக்கும் பொதுவாக நான் சொன்ன வரி அது ஒன்றுதான். ஜனங்கள் எழுந்து நின்று கை தட்டினார்கள். அந்தக் கைதட்டல் இன்றுவரை என் காதில் இருக்கிறது, அதற்காகத்தான் உன் பெரியப்பன் அந்தப் படத்தைப் பிடித்துக்கொண்டு தொங்கினான் என்று வைத்துக்கொள்.

மூன்றாவது வாரத்தில் ஒரு நாள், வாணவேடிக்கை என்று நான் சொன்ன அதே நேரத்தில், பின்னால் மிஷின் மறைப்புக்குள் நிஜமாகவே நெருப்பு. பிலிம் சிக்கி விளக்குச் சூட்டில் பற்றிக்கொண்டது. ஜனங்கள் திரும்பிப் பார்த்தார்கள். டென்டின் வாசல் ஒன்றே ஒன்று, கூட்டம் ஓடினால் மிதிபட்டுச் சாவார்கள். "அதுவும் வாணவேடிக்கைதான், உட்காருங்கள்" என்று கத்தினேன். உட்கார்ந்துவிட்டார்கள், கை தட்டினார்கள். உள்ளே காசிம் பாய் கையாலேயே சுருளை மிஷினிலிருந்து பிய்த்து வெளியே எறிந்தார். அவர் அலறினதுகூடக் கைதட்டலில் கேட்கவில்லை. முந்நூறு பேரை அன்று நான் காப்பாற்றியதாக ஊரெல்லாம் சொன்னேன், பதக்கம் கொடுப்பதாகக் கலெக்டர் எழுதினார் என்றேன். காப்பாற்றியவர் காசிம் பாய். அவர் இதுவரை ஒரு தடவைகூட அதைத் திருத்தவில்லை, உனக்கும் சொல்லவில்லை. ஆகையால் பிலிம் எரியும் என்று எனக்குத் தெரியாது என நான் சொல்ல முடியாது. தெரியும். மிஷினில் ஓடினால்தான் எரியும், டப்பாவுக்குள் கிடந்தால் அது செத்த சாமான் என்று நினைத்தேன். யாரையும் கேட்கவில்லை. தெரியாததை ஒருவனிடம் போய்க் கேட்பது எனக்கு எப்போதும் வராது.

பேசும் படம் வந்ததும் இதை எவனும் சீந்தவில்லை. டென்ட் முதலாளி எல்லா டப்பாவையும் பிலிமில் இருக்கிற வெள்ளியைக் காய்ச்சி எடுக்கிறவனுக்குத் தள்ளிவிட இருந்தார். காலில் விழுந்து ஏழு டப்பாவை வாங்கிவந்தேன், மிச்சம் போய்விட்டது. அதற்குப் பிறகு அந்தப் படத்தின் நோட்டீஸ், சுவரில் ஒட்டிய தாள், அச்சடித்த மரக்கட்டை என்று எது எங்கே இருக்கிறது என்று கேள்விப்பட்டாலும் போனேன். வெள்ளிச் சட்டைக்காரியின் போட்டோ வேப்பனப்பள்ளியில் ஒரு நாவிதர் கடைக் கண்ணாடியில் செருகியிருந்தது. எட்டு வாரம் விடாமல் போய்ச் சவரம் செய்துகொண்டேன். ஒன்பதாவது வாரம் அவர், "தாடி வளர்றதுக்கு முன்னாடியே வந்து ஒக்காருறீங்க, எடுத்துக்கிட்டுப் போங்க சாமி" என்று பிய்த்துக் கொடுத்தார்.

நீ பதின்மூன்று வயதில் ஒரு மத்தியானம் ஒரு டப்பாவைத் திறந்து, பிலிமை வெயிலுக்கு நேராகப் பிடித்து, அந்த இங்கிலீஷ் எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கூட்டிப் படித்தாய். படித்துவிட்டு என்னிடம் வந்து மெதுவாகச் சொன்னாய். "பெரியப்பா, ஒருத்தரும் திரும்பி வரலைன்னு போட்டிருக்குது." கிடங்கில் அப்போது நாலு பேர் இருந்தார்கள். நான் உன்னை அறைந்தேன். வாயில் ரத்தம் வந்தது. உனக்கு நான் அடித்த அடி அது ஒன்றுதான், அதுவும் நிஜத்தைச் சொன்னதற்கு. அன்றைக்கு மேல் நீ என்னை எதிர்த்துப் பேசியதே இல்லை. நான் என்ன சொன்னாலும் "ஆமாங்க பெரியப்பா" என்றாய். அந்த ஆமாம்தான் எனக்கு இப்போது பயமாக இருக்கிறது. இந்தக் கடிதத்தையும் ஆமாம் என்று சொல்லி வைத்துவிடாதே. அன்றைக்கு மாதிரி எழுத்துக் கூட்டிப் படி. நம்பிக்கை இல்லை என்றால் அடுத்த மாதம் காசிம் பாயைக் கேள், ஆனால் பெட்டியை அப்புறப்படுத்திய பிறகு கேள்.

போன புரட்டாசியில் ருஷ்யாக்காரன் வானத்தில் உருண்டை விட்டான் என்று பேப்பரில் வந்தபோது, டீக்கடையில் நான்தான் ராஜா. பெங்களூரில் ஒரு துரை இந்தப் பெட்டிக்கு இரண்டு ஏக்கர் புஞ்சை தருவதாகக் கேட்டான் என்று அப்போதுதான் ஆரம்பித்தேன். துரை என்று யாரும் வரவில்லை. உன் கல்யாணச் சபையில் அந்தப் பெட்டியை நடுவில் வைத்து நான் பேசியபோது மாதம்மாவின் அப்பன் முகம் போன போக்கைப் பார்த்தேன். அந்த மனிதர் ஒரு கறவை மாடு கொடுத்திருந்தார். நீ தலையைக் குனிந்துகொண்டாய். உனக்கு அது வேண்டாம் என்று எனக்குத் தெரியும். நீ அதை வீட்டில் வைத்தால் அன்றைக்கு நான் அறைந்ததை மறந்துவிட்டாய் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்ளலாம், அதற்காகத்தான் கொடுத்தேன். அதையா உன் அடுப்பங்கரையில் கொண்டுபோய் வைத்தேன்!

இனிமேல் சொல்வது காசிம் பாய் சொன்னது, என் சரக்கு ஒன்றும் இதில் இல்லை. விடிந்து வெயில் ஏறுவதற்கு முன்னால் செய். நஞ்சப்பனை அன்று ராத்திரி அங்கேயே தங்கவைத்துக்கொள், பீடிக்கட்டை வாங்கி வைத்துவிடு. அன்று ராத்திரி நீங்கள் யாரும் அந்த வீட்டில் படுக்காதீர்கள், பள்ளிக்கூடத்தில் படுங்கள், கதவைத் திறந்து வைத்துவிட்டுப் போங்கள். காலையில் இரண்டு கோணியை நனைத்துப் பெட்டி மேல் போடு. மூங்கில் கழியில் கட்டி இரண்டு பேர் தூக்குங்கள், தரையில் தேய்க்க வேண்டாம். காட்டுப் பக்கம் கொண்டுபோகாதே, புல் காய்ந்து கிடக்கும். ஊருக்கு மேற்கே பாறையில் மழைத்தண்ணீர் தேங்குகிற குழி ஒன்று காட்டினாயே, மாடுகூட அதில் குடிப்பதில்லை என்றாய், அதுதான் இடம். பெட்டியோடு இறக்கு. முழுக அவ்வளவு தண்ணீர் இல்லை என்றால் குடத்தில் கொண்டுவந்து ஊற்று. மூடியைத் தண்ணீருக்குள் வைத்துத் திற, டப்பாக்கள் முழுக்க நனையட்டும், மேலே கல்லை அடுக்கு. அந்தப் பக்கம் பிள்ளைகளை விடாதே. பற்றாத பிலிம் நனைந்து கிடந்தால் பயம் குறைவு என்கிறார் பாய். பயம் இல்லை என்று அவர் சொல்லவில்லை, அதனால் நானும் சொல்லவில்லை.

மூடி திறந்ததும் மேலாக வெள்ளிச் சட்டைக்காரியின் போட்டோ இருக்கும். பெரியப்பனுக்காக அதை மட்டும் எடுத்து வைப்போம் என்று உனக்குத் தோன்றும், நீ அப்படிப்பட்ட பிள்ளை. எடுக்காதே. கையை உள்ளே விடாதே. எனக்கு அதிலிருந்து ஒரு நூலும் வேண்டாம். இங்கே அரிசிப் பானையில் இருந்த சுருளை உன் பெரியம்மா நேற்றே தண்ணீர்ச் சட்டியில் போட்டுவிட்டாள். நான் தடுக்கவில்லை.

மாதம்மாவிடம் இந்தக் கடிதத்தை முழுக்கப் படித்துக் காட்டு, அறைந்ததையும் சேர்த்து. பெட்டியில் என்ன இருக்கிறது என்று கல்யாணத்தன்றே அந்தப் பெண்ணிடம் நான் சொல்லியிருக்க வேண்டும். என் வாய் சபைக்குத்தான் பேசியது. நீ அப்படி இருக்காதே அப்பா. வீட்டுக்குள் வருகிற எதுவானாலும் முதலில் அவளுக்குத் தெரியட்டும். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் தெரியாத ஒன்றைக் கேட்டால் தெரியாது என்று சொல்லிவிடு. வாத்தியார் மதிப்பு அதில் ஒன்றும் குறையாது. நான் அதைச் சொல்லிப் பார்த்ததில்லை, இருந்தாலும் குறையாது என்றுதான் இப்போது நினைக்கிறேன்.

நஞ்சப்பன் வாசலில் வண்டியைப் பூட்டிக்கொண்டு கூப்பிடுகிறான். தேன்கனிக்கோட்டை தாண்டி, அஞ்செட்டி இறங்கி, மேலே ஏறி உன்னிடம் வர இரண்டு நாள் ஆகும். திரும்பி வர இன்னும் இரண்டு நாள். திரும்பும்போது அவனிடம் ஒரு வரி எழுதிக் கொடு, போதும்.

அதுவரை நான் இந்தக் காலை நீட்டிக்கொண்டு தெற்கே பார்த்தபடிதான் உட்கார்ந்திருப்பேன். இந்த வெயிலில் மலைப்பக்கம் ஏதாவது ஒரு மூலையில் புகை எழுந்துகொண்டே இருக்கிறது. கரி சுடுகிறார்களா, காட்டுத் தீயா, யாராவது புஞ்சை கொளுத்துகிறார்களா, இவ்வளவு தூரத்தில் ஒன்றும் தெரியவில்லை. ஒவ்வொரு புகைக்கும் உன் பெரியம்மா வேலையை விட்டுவிட்டு வந்து நின்று அதைப் பார்க்கிறாள், பிறகு என் முகத்தைப் பார்க்கிறாள். அது என்ன என்று நான் சொல்ல வேண்டும் என்று நிற்கிறாள். எனக்கு ஒரு வார்த்தையும் வரவில்லை.

உன் பெரியப்பன்.